முறிந்த போல்ட்டை எடுக்க எந்த வழி? இறுக்கும்போது உடைந்ததா, கழற்றும்போதா என்று முதலில் பாருங்கள்

இன்ஜினில் ஒரு போல்ட் முறிந்து, தலை மட்டும் ஸ்பானரோடு கையில் வந்துவிட்டால் நம்மில் பாதிப் பேர் நேராக டூல்ஸ் கடைக்குப் போய், முறிந்த துண்டைத் திருகி எடுக்கும் ஈஸி அவுட் செட் ஒன்றை வாங்கி வருகிறோம். நானும் அப்படித்தான் போனேன். பெயரிலேயே ஈஸி இருக்கிறதே! சில நூறு ரூபாய்தான். அந்த செட் இன்னமும் என் டூல் பாக்ஸில் கிடக்கிறது. ஐந்து இருந்ததில் இப்போது நான்கு. ஐந்தாவது எங்கே போனது என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

நான் இதுவரை இரண்டு போல்ட் உடைத்திருக்கிறேன். முதலாவது கிளட்ச் கவரில். 6 எம்.எம். போல்ட், 10-ம் நம்பர் ஸ்பானர். இந்த அளவு போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் இறுக்கம் தாராளம். ஒரு சாண் நீள ஸ்பானரின் நுனியில் ஐந்து கிலோ பாரம் வைத்தது போல, அவ்வளவுதான். நான் என்னவோ லாரி வீல் நட்டை இறுக்குவது மாதிரி இழுத்தேன். டக். எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இறுக்குறப்ப போச்சா, கழட்டுறப்ப போச்சா தம்பி?"

இறுக்கும்போதுதான் என்றேன். "அப்ப உள்ள ஃப்ரீயாத்தான் இருக்கும்" என்றபடி கூர்மையான பஞ்ச் ஒன்றை எடுத்து, முறிந்த துண்டின் ஓரத்தில் வைத்து, இடப்பக்கமாகத் திருகுவது போல லேசாகத் தட்டினார். நாலு தட்டில் துண்டு சுழன்றது. மீதியை விரல் நகத்தால் உருட்டியே வெளியே எடுத்துவிட்டார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

போல்ட்டின் பிடி என்பது அதன் இழுவிசை. தலை ஒரு பக்கமும் மரை (திருகுப் புரி) ஒரு பக்கமும் இழுத்துக்கொண்டிருப்பதால்தான் அது இறுகி நிற்கிறது. தலை போனால் இழுவையும் போயிற்று. உள்ளே இருக்கும் துண்டை எதுவும் பிடித்துக்கொண்டிருப்பதில்லை.

இரண்டாவது, சைலன்சர் ஸ்டட், அதாவது சைலன்சரை இன்ஜினோடு பிடிக்கும், தலையில்லாமல் இரு முனையிலும் மரை உள்ள போல்ட். 100 சிசி பைக், ஏழு வருடம் ஓடியது, திருவொற்றியூர்க் கடல் காற்று. ஃப்ளாஞ்ச் (சைலன்சர் குழாயை இன்ஜினோடு இணைக்கும் தட்டு) பேக்கிங் போய் 'பட் பட்' என்று சத்தம் வந்தது. பேக்கிங் மாற்றலாம் என்று நட்டைக் கழற்றினேன். நட் கழலவில்லை, ஸ்டட் ஹெட்டோடு (இன்ஜினின் மேல்பகுதியான அலுமினிய வார்ப்பு) சமமாக முறிந்துவிட்டது. இது வேறு கதை. நட் ஸ்டட்டோடு துருவேறி ஒட்டிக்கொண்டால், ஸ்டட்டும் சேர்ந்து சுழன்று ஹெட்டிலிருந்து வெளியே வந்திருக்க வேண்டும், அதில் நஷ்டம் ஒன்றுமில்லை. அப்படி வராமல் முறிந்தது என்றால் ஹெட்டுக்குள்ளும் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அதாவது, முழு ஸ்டட்டையே முறிக்கும் விசைக்குக்கூட அசையாத பிடி.

எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்த ஒரு கணக்கை மறக்கக் கூடாது. முழு ஸ்டட்டால் முடியாததை அதைவிட மெல்லிய ஒன்றை வைத்துத் திருகி முடிக்க முடியாது. ஒன்று, பிடியை முதலில் உடைக்க வேண்டும். இல்லையென்றால் திருகும் எண்ணத்தையே விட்டுவிட்டு, துண்டை அரித்தோ துளைத்தோ இல்லாமல் ஆக்க வேண்டும்.

ஊற வைப்பதும் சூடாக்குவதும்

டபிள்யூ.டி.-40 எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அந்தப் பெயரின் முதலிரண்டு எழுத்துகள் 'தண்ணீரை விலக்குவது' என்பதன் சுருக்கம். 1953-ல் அமெரிக்காவில் ராக்கெட் வேலைக்காக ஈரம் விரட்டும் திரவமாகத்தான் அது பிறந்தது. துருவுக்குள் ஊடுருவுவதற்கென்றே வேறு ஸ்ப்ரேக்கள் உண்டு. ஆட்டோ டிரான்ஸ்மிஷன் ஆயிலையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்து ஊற்றுபவர்களும் உண்டு. பட்டறைகளில் பழைய பழக்கம், இரவு முழுக்க டீசல் ஊற்றி வைப்பது. காசு செலவில்லாதது. கெடுதலும் இல்லை, ஒரு நாள் பொறுமைதான் வேண்டும். ஆனால் எண்ணெய் மட்டும் தனியாக வேலை செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரும்புக்குள் இரும்பு துருவேறிய இடத்தில் ஓரளவு உதவும். அலுமினியத்துக்குள் இரும்பு இருந்து, இடையில் உப்பு ஈரம் புகுந்தால் வருவது வேறு சமாச்சாரம். இரண்டு உலோகங்களும் பேட்டரி போல வேலை செய்து, அலுமினியம் அரிபட்டு வெள்ளை மாவாகி, மரை இடுக்கில் சிமென்ட் போல இறுகிவிடும். அதற்குள் எண்ணெய் போக இடம் ஏது?

சூடுதான் அந்த சிமென்டைப் பிளக்கும். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். கணக்குப் போட்டால், 6 எம்.எம். துளையைச் சுற்றியுள்ள இடம் மட்டும் 150 டிகிரி கூடினால் துளை சுமார் 20 மைக்ரான் பெரிதாகும். தலைமுடியின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் மாவுக்கட்டில் விரிசல் விட அது போதும். ஆகவே ஹீட் கன்னையோ கேஸ் டார்ச்சையோ ஸ்டட்டின் மேல் பிடிக்காமல் சுற்றியுள்ள அலுமினியத்தில் பிடிக்க வேண்டும், சூடாக இருக்கும்போதே திருப்ப வேண்டும்.

எவ்வளவு சூடு? தோசைக்கல் சோதனையே போதும். தண்ணீர் தெளித்தால் 'சுர்' என்று உடனே மறைய வேண்டும். துளி மணியாக உருண்டு ஓட ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள், வால்வு சீல் ரப்பர் அதற்கு மேல் தாங்காது. இரும்பு மாதிரி சிவக்கட்டும் என்று காத்திருந்தால் ஹெட் போய்விடும். அலுமினியம் சிவந்து காட்டாமலேயே உருகும், சுத்த அலுமினியம் 660 டிகிரியில், வார்ப்பு ஹெட் அதற்கும் முன்னாலேயே. பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டுத்தான் நெருப்பைப் பக்கத்தில் கொண்டு வர வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லி வைக்கிறேன். தெருவில் நான் பார்த்திருக்கிறேன்.

மரை பூட்டும் பசை போட்ட போல்ட் என்றால் சூட்டைத் தவிர வேறு வழியைத் தேடவே வேண்டாம். சிவப்பு வகைப் பசை 250 டிகிரி அளவில்தான் இளகும்.

இந்த இரண்டும் போல்ட் இன்னும் உடையாமல் இருக்கும்போது செய்ய வேண்டியவை. உடைந்த பிறகு நினைவுக்கு வருவதுதான் வழக்கம். நட் மட்டும் பிடித்திருக்கிறது என்று தோன்றினால் இன்னொரு வழியும் உண்டு. நட்டைத் திருகாமல், ஆக்ஸா பிளேடாலோ உளியாலோ பக்கவாட்டில் பிளந்துவிடுவது. நட் பத்து ரூபாய்க்குள் முடிந்துவிடும் பொருள். அதைக் காப்பாற்றப் போய்த்தான் நான் ஸ்டட்டை இழந்தேன்.

ஈஸி அவுட்: ஐந்தாவதின் கதை

முறிந்த ஸ்டட்டின் நடுவில் 3 எம்.எம். துளை போட்டு, இடப்பக்கப் புரி கொண்ட கூம்பு வடிவக் கம்பியை உள்ளே தட்டி இறக்கி, டேப் (மரை வெட்டும் கருவி) ஹேண்டிலால் இடப்பக்கம் திருகுவது. திருகத் திருக அது இன்னும் இறுகிக் கடிக்கும், கடித்தபடியே துண்டை வெளியே கொண்டு வரும். படம் போட்டுப் பார்த்தால் அழகான யோசனை.

நடந்தது என்னவென்றால், முதலில் ஈஸி அவுட் கடித்தது. ஹேண்டிலைத் திருகினால் கையில் ஸ்பிரிங் போல ஒரு துள்ளல் தெரிந்தது. துண்டு சுழலவில்லை, கம்பிதான் முறுக்கேறிக்கொண்டிருந்தது. அந்தத் துள்ளல்தான் எச்சரிக்கை, நான் அதை நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டேன். இன்னும் கால் சுற்று. கிணுக். ஸ்டட்டுக்குள் ஈஸி அவுட், ஹெட்டோடு சமமாக. மேலே ட்ரில் பிட்டை வைத்தால் கண்ணாடியில் ஆணி போல வழுக்கியது.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முறுக்கைத் தாங்கும் பலம் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் போகும். 6 எம்.எம். ஸ்டட்டின் மரை அடிவிட்டம் சுமார் 4.8. ஈஸி அவுட்டின் கழுத்து 3 எம்.எம். என்று வைத்தால், பலம் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு. ஈஸி அவுட் இரும்பு இரண்டு மடங்கு உறுதி என்று சலுகை கொடுத்தாலும் பாதிதான் வருகிறது. முழு ஸ்டட்டே முறிந்த இடத்தில் பாதி பலம் கொண்ட ஒன்றை அனுப்பியிருக்கிறேன். போதாக்குறைக்கு, கூம்பை உள்ளே அடிக்கும்போது துளை போட்ட ஸ்டட்டின் சுவர் வெளிப்பக்கம் விரிந்து மரையை இன்னும் இறுக்குகிறது. எதிரிக்கு நானே ஆள் அனுப்பியது போல.

அப்படியென்றால் ஈஸி அவுட் வீண் பொருளா என்றால், அதுவும் இல்லை. கிளட்ச் கவர் போல்ட் மாதிரி இறுக்கும்போது முறிந்த, உள்ளே பிடிப்பில்லாத துண்டுக்கு அது நன்றாக வேலை செய்யும். தலை தேய்ந்து ஸ்பானர் வழுக்கும் போல்ட்டுக்கும் உதவும். 10, 12 எம்.எம். போல்ட் என்றால் கழுத்தும் தடிமனாக இருக்கும், துணிந்து பார்க்கலாம். கழற்றும்போது முறிந்த 6 எம்.எம். ஸ்டட்டுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். இடப்பக்கம் சுற்றும் ட்ரில் பிட் கிடைத்தால் அது மேல். துளை போடும்போதே சூடும் அதிர்வும் சேர்ந்து சில நேரம் துண்டைத் தானாகவே வெளியே கொண்டு வந்துவிடும். ஆனால் நம் ஊர்க் கடைகளில் கேட்டால் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

நட் வெல்டிங்

எனக்கு அன்றே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைக்கும் வழி இதுதான். முறிந்த துண்டின் மேல் ஒரு வாஷர், அதன் மேல் ஒரு நட். நட்டின் துளை வழியாக வெல்டிங் வைத்து, துண்டையும் நட்டையும் ஒன்றாக்கிவிடுவது. அலுமினியத்தில் இரும்பு வெல்டிங் ஒட்டாது என்பதால் ஹெட்டோடு பற்றிக்கொள்ளும் பயமில்லை.

நண்பர் ஒருவருடைய காரில் 8 எம்.எம். மேனிஃபோல்ட் போல்ட் இப்படித்தான் வந்தது. சி.ஓ.2 வெல்டிங் (மெல்லிய கம்பியால் பற்ற வைப்பது) பட்டறைக்காரர் நட்டை நிரப்பிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நட் செக்கச் சிவந்து, பிறகு மங்கி, கறுத்தது. நண்பர் ஸ்பானரோடு பாய்ந்தார். "இருங்க சார், ஆறட்டும்" என்று தடுத்துவிட்டார். தொட்டால் பொறுத்துக்கொள்ளும் சூட்டுக்கு வந்த பிறகுதான் ஸ்பானர் போட்டார். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு துளி, பிறகு கழற்றும் பக்கம் ஒரு துளி, மறுபடி இறுக்கும் பக்கம். க்ரீச் என்று ஒரு சத்தம், மரை ஓரத்தில் பொடி உதிர்ந்தது. பத்து தடவை முன்னும் பின்னும் போன பிறகு போல்ட் சாதாரணமாகக் கழன்றது.

ஏன் ஆற வேண்டும்? டார்ச் வைக்கும்போது சூடாவது துளை, அதனால் சூட்டிலேயே திருப்புகிறோம். வெல்டிங்கில் சூடாவது போல்ட். அது விரியப் பார்க்கும், சுற்றியுள்ள உலோகம் விடாது. நசுங்கிப்போய், ஆறும்போது முன்பிருந்ததைவிட ஒரு மயிரிழை சின்னதாகச் சுருங்கும். பிடி விடுவது அந்தச் சுருக்கத்தில்தான். ஒரே சூடு, இரண்டு வழிகளில் இரண்டு நேர்மாறான நேரம். இது தெரியாமல் வெல்டிங் வைத்தவுடன் திருகி, நட்டை மட்டும் பிய்த்து எடுத்துவிட்டு "வெல்டிங்கெல்லாம் வேலைக்காகாது" என்பவர்கள் நிறைய.

ஒட்டவில்லை என்றால் இரண்டாவது, மூன்றாவது நட் வைக்கலாம். ஒவ்வொரு முறையும் போல்ட்டுக்கு ஒரு சூடு வைத்தியம் கூடுதலாகக் கிடைக்கிறது. தோற்றாலும் நாம் ஒன்றும் இழப்பதில்லை, அடுத்த வழிகள் அப்படியே திறந்திருக்கின்றன. ஈஸி அவுட்டோடு ஒப்பிட்டால் இந்த ஒன்றுக்காகவே நான் இதன் பக்கம்.

குறைகளும் உண்டு. 6 எம்.எம். துண்டு மேற்பரப்புக்குக் கீழே முறிந்திருந்தால் தடிமனான ஆர்க் ராடை உள்ளே விட முடியாது. சி.ஓ.2 வெல்டிங்கும் கை பழகியவரும் வேண்டும். வண்டியில் வைத்தே செய்தால் பேட்டரி ஒயரைக் கழற்றி, எர்த் கிளாம்பை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். இல்லையென்றால் கரண்ட் பேரிங் வழியாகப் போகும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புகை மாசு விதி) வண்டி என்றால் இ.சி.யூ. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கனெக்டரையும் கழற்றி வைப்பது நல்லது. ஒரு ஸ்டட்டுக்காக அதை மாற்றும் நிலை வர வேண்டாம்.

துளைத்து எடுப்பது

வெல்டிங்குக்கு இடமில்லை, அல்லது தோற்றுவிட்டது என்றால் துளைக்க வேண்டியதுதான். 6 எம்.எம். மரைக்கு அடித்துளை 5 எம்.எம்., 8 எம்.எம்.முக்கு 6.8. நடு தவறாமல் அந்த அளவு வரை துளைத்தால், மிஞ்சுவது மரைக்குள் சுருண்டிருக்கும் மெல்லிய கம்பிச் சுருள் மட்டும்தான். அதை ஊசி மூக்குக் குறடால் உருவிவிட்டு டேப் விட்டால் பழைய மரையே கிடைக்கும்.

எல்லாச் சிக்கலும் 'நடு தவறாமல்' என்பதில்தான். முறிந்த முகம் மேடு பள்ளமாக இருக்கும். ஹேண்ட் ட்ரில் பிட், இரும்பை விட்டு மெத்தென்ற அலுமினியத்தின் பக்கம் சாயும். அரை மில்லி விலகினாலே ஒரு பக்க மரை போச்சு.

ஒரு லேத்காரர் இதற்குச் செய்த தந்திரத்தைப் பார்த்து அசந்துபோனேன். ஸ்டட் ஹெட்டுக்குள் ஏழெட்டு மில்லி ஆழத்தில் முறிந்திருந்த வேறு வண்டி அது. மேலே உள்ள காலி மரை நன்றாக இருந்தது. அவர் சாதாரண 6 எம்.எம். போல்ட் ஒன்றை எடுத்து, லேத் சக்கில் மாட்டி, அதன் நடுவில் நீளவாக்கில் 3 எம்.எம். துளை போட்டார். பத்து நிமிடம். அந்தப் போல்ட்டைக் காலி மரையில் கையால் திருகி இறக்கினார். துளை இப்போது உள்ளே இருக்கும் துண்டின் மையத்துக்கு நேராகக் குழாய் போல நிற்கிறது. அதன் வழியாக ட்ரில் விட்டால் சாய்வதற்கு வழியே இல்லை. சமமாக முறிந்திருந்தால் சைலன்சர் ஃப்ளாஞ்சையே மாட்டி, அதன் துளைக்குப் பொருந்தும் புஷ் (குட்டிக் குழாய்) ஒன்றைக் கடைந்து இதே வேலையைச் செய்யலாம்.

மூன்று, நான்கு, ஐந்து என்று படிப்படியாக, வேகத்தைக் குறைத்து, ஆயில் விட்டுக்கொண்டே போக வேண்டும். பிட் கோபால்ட் கலந்ததாக இருந்தால் நல்லது. தலையில் 8.8 என்று உறுதி எண் பொறித்த போல்ட் இதற்கு மசியும். 12.9 போட்ட ஆலன் போல்ட் என்றால் மூச்சு வாங்கும்.

மரை போய்விட்டாலும் பயமில்லை. ஹெலிகாயில் இருக்கிறது. 6 எம்.எம். மரைக்கு 6.3 எம்.எம். துளை போட்டு, அதற்கென்று வரும் டேப்பால் மரை வெட்டி, ஸ்டெயின்லெஸ் கம்பிச் சுருளை உள்ளே இறக்கினால் பழைய 6 எம்.எம். ஸ்டட்டே மாட்டலாம். ஒட்டு வேலை என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. உண்மையில் அலுமினியத்தில் வெட்டிய பழைய மரையைவிட இது உறுதி, பாரம் பெரிய விட்டத்தில் பரவுகிறது. சைலன்சர் ஸ்டட்டுக்கு நான் தயங்கவே மாட்டேன்.

உள்ளே ஈஸி அவுட்டோ டேப்போ உடைந்திருந்தால்

என் நிலைமை இதுதான். ஹெட்டைக் கழற்றி அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் ஸ்பார்க் எரோஷன் போடும் இடத்துக்கு எடுத்துப் போனேன். 1943-ல் சோவியத் நாட்டில் லாசரென்கோ தம்பதி கண்டுபிடித்த முறை. இதில் எதுவும் எதையும் தொடுவதில்லை. பென்சில் ரீஃபில் போன்ற பித்தளைக் குழாய், ஈஸி அவுட்டின் மேல் மயிரிழை இடைவெளியில் நிற்கிறது. இடையில் நீலப் பொறிகள். ஒவ்வொரு பொறியும் ஒரு துளி உலோகத்தை உருக்கிக் கிள்ளுகிறது, குழாய் வழியே வரும் திரவம் அதைக் கரும்புகை போலக் கழுவிக்கொண்டு போகிறது. எவ்வளவு கடினமான இரும்பு என்பது அந்தப் பொறிக்கு ஒரு பொருட்டே இல்லை. முக்கால் மணி நேரத்தில் என் ஐந்தாவது ஈஸி அவுட் கறுப்புத் தண்ணீராகப் போய்ச் சேர்ந்தது.

அதன் கூலியைவிட ஹெட்டைக் கழற்றி மாட்டிய கூலியும் கேஸ்கட்டும்தான் அதிகம். முதலிலேயே நேராக இங்கே வந்திருக்கலாமா என்றால், வந்திருக்கலாம், ஆனால் சாதாரண ஸ்டட்டுக்கு இது அதிகப்படி. புதுப்பேட்டையில் பழைய ஹெட் ஒன்று வாங்கிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். அதிலும் இதே ஏழு வருட ஸ்டட்கள்தானே இருக்கும்? வால்வு சீட்டும் கைடும் எப்படி இருக்குமோ. ஹெட்டில் விரிசல் இருந்தால் ஒழிய நான் அந்தப் பக்கம் போக மாட்டேன்.

இன்னொன்று, பட்டறையில் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் உண்மை. படிகாரம். கொதிக்கும் நிலையில் உள்ள படிகாரக் கரைசல் இரும்பைக் கரைக்கும், பித்தளையையும் அலுமினியத்தையும் பெரும்பாலும் விட்டுவிடும். கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் முறிந்த திருகாணியை இப்படித்தான் எடுக்கிறார்கள். நாட்டு மருந்துக் கடைச் சரக்கு, ஒன்றிரண்டு நாள் பொறுமை. அலுமினியக் கார்புரேட்டர் பாடிக்குள் முறிந்த குட்டி ஸ்க்ரூவுக்கு இதை விடப் பத்திரமான வழி எனக்குத் தெரியவில்லை. ஹெட்டுக்கு ஆகாது, வால்வு சீட்டும் சேர்ந்து அரிபடும்.

இப்போது எனக்கு மறுபடி ஒரு ஸ்டட் முறிந்தால்? இறுக்கும்போது முறிந்தால் பஞ்ச், வராவிட்டால் ஈஸி அவுட். கழற்றும்போது முறிந்து, துண்டு வெளியே நீட்டியிருந்தாலோ சமமாக இருந்தாலோ நட் வெல்டிங், இரண்டு மூன்று முறை. ஆழத்தில் முறிந்தால் லேத்காரரின் துளை போட்ட போல்ட், தேவைப்பட்டால் ஹெலிகாயில். ஸ்பார்க் எரோஷன் என்பது என் போன்றவர்கள் முந்தின நாள் செய்த வேலைக்கு மருந்து.

புது ஸ்டட்டைக் கையால் திருகியே முழு ஆழத்துக்கும் இறக்கிப் பாருங்கள், வழியில் சிக்கினால் டேப்பை ஒரு முறை விடுங்கள். மரையில் செம்புப் பொடி கலந்த ஆன்டி சீஸ் (மரை ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பசை) கொஞ்சம் தடவுங்கள். உராய்வு குறைவதால் அதே இறுக்கத்துக்கு ஸ்டட் அதிகமாக இழுபடும், ஆகவே வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைத்தே இறுக்க வேண்டும். நட்டுக்கு நான் இப்போது பித்தளைதான் போடுகிறேன்.